கணினியின் தீர்ப்பும் மனிதரின் பொறுப்பும்

இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. அங்கு நனைந்தபடி பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவரும் தொழிலாளி, ஈரத்திற்கெனவும் சாக்கிற்கெனவும் சில கிலோ கழிக்கப்படுவதை நன்கறிவார். மலையகத் தோட்டங்களுக்கு இலத்திரனியல் தராசுகளும் வந்துவிட்டன. தராசு பொய் சொல்லாது என்பர். ஆனால், எத்தனை கிலோ கழிப்பது என்பதைத் தீர்மானிப்பது தராசல்ல, மனிதரே. செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றி உலகெங்கும் நடைபெறும் விவாதத்தின் சாரமும் இதுவேயாகும்.

நெதர்லாந்தில் சிறுவர் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடியைக் கண்டறிய வரித் திணைக்களம் கையாண்ட கணினி முறை, வெளிநாட்டுப் பிரஜாவுரிமையைச் சந்தேகத்திற்குரிய அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கடனாளிகளாயின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கமே பதவி விலக நேர்ந்தது.

நமது நாட்டில் 2023 ஜூலையில் ஆரம்பிக்கப்பட்ட 'அஸ்வெசும' நலன்புரித் திட்டம் செயற்கை நுண்ணறிவு அன்று. எனினும், 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டு வறுமையை அளவிடும் முறை அதில் பின்பற்றப்பட்டது. முதற்பட்டியல் வெளியானதும் 9 இலட்சத்திற்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. தனக்குச் சொந்தமில்லாத லயன் அறையில், பல குடும்பங்களுக்கு ஒரே முகவரியுடன் வாழும் ஒருவரின் வறுமையை அத்தகைய படிவம் முழுமையாகக் காட்டுமா? சூத்திரத்திற்கே இந்நிலையென்றால், தன் காரணத்தைத் தெளிவாகக் கூறவியலாத செயற்கை நுண்ணறிவிடம் இத்தெரிவை ஒப்படைப்பது எத்துணை பாரதூரமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை மூண்டபோது, சிங்கள மொழியில் பரவிய வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கப் பேஸ்புக் நிறுவனம் தவறியது. 2020 மே மாதத்தில் அது மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வருவதற்கு முன்னரே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்துவிட்டன. நமது மொழிகளை அறியாத தொழில்நுட்பத்தை நம்மிடையே உலவவிடுவதும் அறப்பிழையே.

ஆகவே, செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு அறநெறிக்குட்பட்டதா என்பதை மூன்று வினாக்களால் சோதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் அவரது மொழியில் கூறப்படுகின்றதா? முறையிடுவதற்கு ஒரு மனிதர் இருக்கின்றாரா? தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்டு மீளமுடியாத தொடர் பாதிப்பை ஏற்படுத்தும் தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைக் கூறுகின்றது. இது ஏட்டளவில் நின்றுவிடலாகாது. கொழும்பில் எழுதப்பட்ட உரிமை வட்டவளை லயன் அறையிலுள்ளவரின் கைக்கு எட்டும்போதே அது உரிமையாகும். அதற்குத் தமிழில் படிவமும், பிரதேச செயலகத்தில் பதில் கூறும் அதிகாரியும் அவசியம். இயந்திரம் கணக்கிடட்டும்; அதன் கணக்கிற்குப் பதில் சொல்லும் கடமை மனிதருடையதாகவே இருக்க வேண்டும்.