எழுத்தும் ஓர் அமானிதமே!

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளுமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது. எழுத்து ஓர் அமானிதம். அதை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டாமா?

இன்று நம் பிள்ளைகள் பலரும் இணையத்தில் பிறர் நடத்தும் இலவசத் தளங்களில் எழுதுகின்றனர். அது வாடகை வீட்டுக் குடியிருப்பு. ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தை 1999இல் வாங்கிய யாஹூ நிறுவனம், 2009இல் அமெரிக்காவில் அதை மூடியது. அங்கு எழுதியோர் வெளியேற வேண்டியதாயிற்று.

சொந்த வீடு அமைப்பது பெருங்கடினமன்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்ட வேர்ட்பிரஸ் ஆகிய இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. சர்வருக்கு மட்டும் வாடகை உண்டு. ஆயினும் மனை பிடிக்காவிடில் வீட்டையே பெயர்த்து வேறு மனைக்குக் கொண்டு செல்லலாம்!

சர்வரில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை நிறுவி, மூன்று மென்பொருள்களை அமைக்க வேண்டும். வருவோர் கேட்கும் பக்கத்தை அனுப்பி வைப்பது அப்பாச்சி. அப்பக்கத்தை ஆக்கித் தருவது பிஎச்பி. எழுத்துக்களைக் காக்கும் பெட்டகம் மரியாடிபி என்னும் தரவுத்தளம். அதில் வேர்ட்பிரஸ்ஸுக்கென ஒரு தனி அறையையும், அவ்வறையை மட்டுமே திறக்கும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்க வேண்டும். வேர்ட்பிரஸ் கோப்புகளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, அப்பாச்சி பார்க்கும் கோப்புறையில் வைத்து, அமைப்புக் கோப்பில் இவ்விவரங்களை எழுதினால் போதும். உலாவியில் நம் முகவரியைத் திறந்தவுடன் தளத்தின் பெயரையும் நிர்வாகியின் பெயரையும் அது கேட்கும். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்கும் பாதுகாப்புச் சான்றிதழையும் பெற்றுக் கொள்க.

அனுமதி எண்களில் எச்சரிக்கை தேவை. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பதே வழக்கம். ஏதேனும் தடைப்பட்டால் சிலர் 777 என்று கொடுத்து விடுகின்றனர். சர்வரில் நுழைந்த எவரும் எழுதவும் அழிக்கவும் கதவைத் திறந்து விடுவதற்கு அது ஒப்பாகும்.

எங்கள் மதரஸாவில் நாங்கள் பெற்ற பாடம் ஒன்றுண்டு. வஃபாத்தான எங்கள் ஹஜ்ரத் அவர்களின் சொற்பொழிவுகளை மாணவர்கள் ஈராண்டுகள் கேட்டுக் கேட்டு எழுதித் தளத்தில் ஏற்றினர். கோப்புறையை மாதந்தோறும் தவறாமல் நகலெடுத்தோம். ஒருநாள் சர்வர் பழுதாயிற்று. நகலைத் திறந்தோம். படங்கள் எல்லாம் இருந்தன; சொற்பொழிவு ஒன்றுகூட இல்லை! எழுத்துக்கள் இருப்பது கோப்புறையில் அன்று, தரவுத்தளத்தில் என்பதை அன்றுதான் அறிந்தோம். கையெழுத்துப் பிரதிகளில் எஞ்சியவற்றை மாணவர்கள் மீண்டும் ஏற்றினர். மற்றவை போயின.

ஆகவே, சகோதர சகோதரிகளே, கோப்புறை, தரவுத்தளம் இரண்டையும் நகலெடுங்கள். அந்நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். அவ்வப்போது திறந்தும் பாருங்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆன் பிரதிகளை எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பி வைத்ததில் நமக்குப் படிப்பினை இல்லையா?

நம் பெரியோரின் சொற்களைப் பேணிக் காக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.