தர்மபுரி மணலும் தந்திராயன்குப்பம் கரையும்

தர்மபுரிக்குக் கடற்கரை இல்லை. ஆனால் விழுப்புரம் மாவட்டத்துத் தந்திராயன்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் கடல் கரையைத் தின்பதற்கும், தர்மபுரி மாவட்டத்து இருமத்தூர்ப் பாலத்தடியில் ஓடும் ஆற்றுக்கும் தொடர்பு உண்டு. கரையைச் சீரமைக்கும் எந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் ஆய்விலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய தொடர்பு அது.

கிருஷ்ணகிரியைத் தாண்டிய தென்பெண்ணை, இருமத்தூர், அனுமன்தீர்த்தம் வழியாக இறங்குகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு அரூர்ப் பக்கம் வந்து அதோடு சேர்கிறது. மலைப்பாறை தேய்ந்து உருவான மணலையும் உருட்டிக்கொண்டு, தென்பெண்ணை கடலூர் தாழங்குடா அருகே கடலில் கலக்கிறது. மணல் அங்கே நின்றுவிடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக மோதி அதை வடக்கே தள்ளும். வாடை அடிக்கும் மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. புதுச்சேரியும் அதற்கு வடக்கே உள்ள குப்பங்களும் இந்த வரவை நம்பி நின்ற கரைகள்.

1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை காணாமல் போனது. கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு அடுத்த ஊரில் அரிப்பு தொடங்கியது. அங்கும் கல், அதற்கடுத்த ஊரில் தூண்டில் வளைவு. பின்னர் நகரக் கடற்கரையின் வடபகுதியில், நீருக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். மணல் திரும்பி வந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் திட்டு மணலை உண்டாக்காது, வருவதைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

அந்த வரவுதான் என் கவலை. தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் 1950களில் எழுந்தன. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியபோது, சாத்தனூரிலிருந்து திறந்த வெள்ளம் கடலூர்வரை ஊர்களை மூழ்கடித்தது. சேறு போனது. கரையைக் கட்டுவதோ சேறல்ல, அடியில் உருண்டு வரும் பருமணல். அது அணைக்குள் ஆறு நுழையும் இடத்திலேயே படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே மிஞ்சியதை லாரிகள் அள்ளுகின்றன. ஒகேனக்கல் தாண்டி வரும் காவிரி மணலுக்கும் 1934 முதல் மேட்டூரில் இதே கதிதான்.

ஆய்வுகளின் பார்வை இவ்வளவு தூரம் எட்டுவதில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர். தாக்க மதிப்பீட்டுக்குச் சுற்றிலும் 10 கிலோமீட்டர் பார்ப்பது வழக்கம். சாத்தனூர் அந்த வட்டத்துக்குள் எப்படி வரும்?

அடுத்த புயலுக்குள் கல் வேண்டும் என்று கரையோர மக்கள் கேட்கிறார்கள். அவர்கள் அவசரம் நியாயமானது. ஆனாலும், அணைகளில் ஆண்டுதோறும் எவ்வளவு பருமணல் தங்குகிறது, ஆற்றில் எவ்வளவு அள்ளப்படுகிறது, தாழங்குடாவுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்ற கணக்கு இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒன்றை அரூரில் நடத்த வேண்டும்.