உங்களுக்குத் தெரியுமா? முட்டைப் பெட்டிக்கு ஒரு குட்டித் திரை

★ சென்னை ரிச்சி தெருவில் ‘சிக்ஸ்டீன் பை டூ’ எல்சிடி வாங்கும்போது கம்பெனிப் பெயரைப் பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை. யார் செய்ததானாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது, 1980களில் ஜப்பானின் ஹிட்டாச்சி கொண்டுவந்த எச்டி44780 சிப்பின் கட்டளைகள்தான். ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றிலும் ஓடும்.

★ மின்விசிறி வைத்த இன்குபேட்டரில் கோழி முட்டைக்கு வேண்டியது சுமார் 37.5 டிகிரி, 21 நாள். எல்எம்35 சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் பார்ப்பதால் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். ஆகவே திரையில் எண் அரை அரை டிகிரியாகத் தாவும். இதற்காக விலை கூடிய சிப் தேடி ஓடாதீர்கள். அதே சிப்புக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. புரோகிராமில் ஒரு வரி சேர்த்து அதற்கு மாறினால் படி 0.1 டிகிரி ஆகிவிடும். ஆனால் அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடியது. நல்ல தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை திருத்திக்கொள்வது கட்டாயம்.

★ எல்எம்35க்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும். இஎஸ்பி32இன் 3.3 வோல்ட்டில் கோத்துவிட்டு சென்சாரைத் திட்டிப் பயனில்லை.

★ திரையில் 37.5 என்று இருக்கிறது. நம்பிப் படுக்கலாமா? கூடாது! எல்சிடிக்கு 80 எழுத்து கொள்ளும் சொந்த நினைவகம் உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் கடைசியாக எழுதியதைக் கரண்ட் இருக்கும்வரை காட்டிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் புரோகிராம் சிக்கி நின்றுபோனாலும் காலையில் அதே 37.5தான். உள்ளே சூடேற்றும் பல்பு அணையாமல் எரிந்து முட்டை வெந்துபோயிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் திரையின் கடைசிக் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறியை விநாடிக்கு ஒருமுறை தோன்றி மறையவிடுவார்கள். அது சிமிட்டினால்தான் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு மரியாதை. சிமிட்டவைக்கும் அந்த புரோகிராம் வரியை சென்சாரைப் படித்து முடிக்கும் இடத்தில் எழுத வேண்டும். டைமர் இன்டரப்டில் எழுதினால் மெயின் புரோகிராம் நின்ற பிறகும் நட்சத்திரம் ஜோராகச் சிமிட்டும்.

ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் வாட்ச்டாக் டைமரும் உண்டு. குறித்த நேரத்துக்குள் (அதிகபட்சம் 8 விநாடி) புரோகிராம் ஆஜர் சொல்லாவிட்டால் சிப்பை அதுவே ரீசெட் செய்துவிடும். நாம் அதை ஆன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

★ டிஎஸ்18பி20 சென்சார் திடீரென்று 85 டிகிரி காட்டினால் பதற வேண்டாம். மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் நிற்கும் ஆரம்ப எண் அது. முழுத் துல்லியத்தில் அளந்து முடிக்க 750 மில்லிவிநாடி வரை ஆகும். அவசரப்பட்டுப் படித்தால் 85தான் வரும்.

★ 128×64 ஓஎல்இடி திரை அழகுதான், மறுக்கவில்லை. அதன் 8,192 புள்ளிகளுக்கு 1,024 பைட் ரேம் ஒதுக்குவது வழக்கம். ஊனோவிடம் இருப்பதே 2,048. பாதி போயிற்று! தவிர, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து எரிந்தால் அந்தப் புள்ளிகள் மங்கித் தழும்பு விழும். முட்டைப் பெட்டிக்கு என் ஓட்டு பழைய எல்சிடிக்கே.

★ எல்சிடியில் தமிழ் வருமா? வரும், எட்டே எட்டு வடிவங்கள். நாமே வரைந்துகொள்ள சிப் தரும் இடம் அவ்வளவுதான். ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. ‘வெப்பம்’, ‘ஈரப்பதம்’ இரண்டையும் எழுதிப் பாருங்கள்: ஒற்றைக்கொம்பு, வ, ப், ப, ம், ஈ, ர, த. கச்சிதமாக எட்டு! ப வரைவது சுலபம், மூன்று கோடு. ஈயும் தவும் ஐந்து புள்ளி அகலத்துக்குள் அடங்காமல் படுத்தும். டிகிரி வட்டத்துக்கு இடம் தேட வேண்டாம். பரவலாகக் கிடைக்கும் ஜப்பானிய எழுத்து ரோமில் 223ஆம் எண்ணில் அது தயாராக இருக்கிறது.

★ மேல்வரியில் வெறும் கறுப்புக் கட்டங்களா? தொடக்கக் கட்டளை போய்ச் சேரவில்லை, வயரைப் பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லையா? கான்ட்ராஸ்ட் ப்ரீசெட்டைத் திருகுங்கள்.

★ நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை ஊனோ சிப்பின் ஈப்ராமில் குறித்துவைக்கலாம் என்று தோன்றும். ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம். ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்தால் 69 நாளில், அதாவது மூன்று ஈடு குஞ்சு பொரித்த கையோடு, அது தீர்ந்துவிடும். மொத்தம் 1,024 பைட் இருக்கிறது. இடத்தை மாற்றி மாற்றி எழுதுங்கள்.