ஒலிப்பதிவுக் கருவிகள்: செலவும் பயனும்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்புடையது. எழுதப்பட்ட சொல் நிலைத்து நிற்கும். ஆயின் அதனைச் சொல்லிய குரலின் ஏற்ற இறக்கமும் ஒலிப்பு நுட்பமும் ஏட்டில் அடங்கா. அந்தமான் தீவுகளில் வழங்கிய போ மொழியைப் பேசவல்லவர்களுள் கடைசியானவராகிய மூதாட்டி போவா சீனியர் 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சை முன்னரே பதிவு செய்திருந்தமையால், அம்மொழியின் ஒலி முற்றிலும் அழியாது எஞ்சியது. இத்தகைய பணியில் தவறவிட்டதை மீண்டும் பெற இயலாது. ஆதலின், பதிவுக் கருவிகளை மாற்றிப் புதியன வாங்குவது பற்றிய விவாதம் வெறும் வரவு செலவுக் கணக்கு அன்று.

இவ்விவாதத்தில் இரு தரப்பினர் உளர். மீண்டும் கிட்டாத ஒலியை இயன்றவரை உயர்ந்த கருவியாலேயே பதிய வேண்டும் என்பர் ஒரு சாரார். இருக்கும் கருவியே போதும். மிஞ்சும் பணத்தைக் கொண்டு இன்னும் சில கிராமங்களுக்குச் சென்று வரலாம் என்பர் மறு சாரார். எது பொருந்தும் என்பது, ஒலி பதியும் முறையை நோக்கினால் விளங்கும்.

கருவியின் உயர்வால் விளைந்த நன்மை

இந்திய மொழி ஆய்வின் பொருட்டு 1913 முதல் 1929 வரை நம் நாட்டு மொழிகள் பல கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. அக்காலத்துப் பழைய முறையில், பேசுபவர் ஒரு குழலின் முன் நின்று பேசுவார். அவர் குரலின் விசையே ஊசியை அசைத்துத் தட்டில் கோடிட வேண்டும். ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளே அவ்வாறு பதிந்தன. ஆனால் ‘ஸ்’ போன்ற உரசொலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. எனவே சில எழுத்துகளைப் பிரித்தறிவதே அரிதாயிற்று. 1925-ஆம் ஆண்டளவில் மைக்ரோபோனைக் கொண்ட மின்முறைப் பதிவு வழக்கத்திற்கு வந்தபின் இக்குறை பெரிதும் நீங்கியது. அம்மாற்றத்திற்கான செலவு வீண் எனச் சொல்வார் எவருமிலர்.

இன்றைய நிலை

டிஜிட்டல் எனப்படும் எண்முறைப் பதிவில் ஒலியானது வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளக்கப்படுகிறது. பதிய விரும்பும் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கிற்கும் அதிகமான முறை அளத்தல் வேண்டும் என்பது விதி. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். எனவே வினாடிக்கு 44,100 அல்லது 48,000 அளவைகள் பேச்சுக்கும் இசைக்கும் போதுமானவை. ஒவ்வோர் அளவையையும் எத்தனை நுட்பமாகக் குறிப்பது என்பதைப் பிட் எண்ணிக்கை காட்டும். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் வீதம், 16 பிட் கருவி 96 டெசிபெல் வீச்சைத் தாங்கும்.

இனிக் களத்தைக் காண்போம். ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். அமைதியான அறையின் இரைச்சலோ 30 டெசிபெல். இடைவெளி 30 டெசிபெல் மட்டுமே. ஏரிக்கரை எங்குத் தாழ்ந்துள்ளதோ அந்த மட்டத்திற்கே நீர் நிற்கும். மற்ற இடங்களை உயர்த்திப் பயனில்லை. அவ்வாறே, மின்விசிறி சுழலும் அறையில் விலையுயர்ந்த கருவியும் அவ்விரைச்சலையே நுட்பமாகப் பதியும். திறந்த வெளியில் மைக்கை 2 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டு வந்தால் குரல் 12 டெசிபெல் உயரும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

வாங்கிய பின்னரும் செலவு தொடரும் என்பதை மறத்தலாகாது. 24 பிட், 48,000 அளவை வீதம் ஒற்றைத் தடத்தில் 100 மணி நேரம் பதிந்து, பாதுகாப்புக்காக மூன்று படிகள் வைக்க 155 ஜிகாபைட் இடம் வேண்டும். 96,000 ஆயின் இது இரட்டிக்கும். பேச்சுப் பதிவுக்கு முன்னதே போதும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்த அளவாக வகுத்துள்ளதும் அதுவேயாகும்.

எப்போது மாற்றுவது?

புதிய கருவி இன்றியமையாத இடங்களும் உள. வௌவால்கள் பலவற்றின் ஒலி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது; 100,000 ஹெர்ட்ஸ் வரை பதிய, வினாடிக்கு 200,000-க்கும் மேற்பட்ட அளவைகள் தேவை. ஒலியைச் சுருக்கி மட்டுமே சேமிக்கும் கருவி, நீக்கிய நுட்பங்களைத் திருப்பித் தராது. ஆய்வுப் பணிக்கு அதனை மாற்றுதலே முறை. பழைய காந்த நாடாக்களைக் காப்பவர்கள், அவற்றை ஓட்டும் யந்திரத்தைச் செப்பனிடுவதற்கே முதலிடம் தர வேண்டும். நாடா சிதைந்தபின் எந்தக் கருவியாலும் பயனில்லை.

பிற இடங்களில் ஓர் எளிய சோதனை வழிகாட்டும். இரவில், மூடிய அறையில், மைக்கைக் கனத்த போர்வையால் சுற்றி, வழக்கமான ஒலியளவில் ஒரு நிமிடம் பதிக. பின்னர் களத்தில், அதே ஒலியளவில், எவரும் பேசாதபோது ஒரு நிமிடம் பதிக. களத்தின் இரைச்சல் தெளிவாக மிகுந்திருப்பின் கருவியின் மேல் குறையில்லை. நல்ல மைக், காற்றைத் தடுக்கும் உறை, அமைதியான இடம் ஆகியவற்றை நாடுக. இரண்டும் ஒத்திருப்பின் இரைச்சல் கருவியினுடையதே. அப்போது மைக்கையோ பதிவுக் கருவியையோ மாற்றுதல் தகும்.

விலைப்பட்டியலை நோக்கும் முன் இச்சோதனையைச் செய்தல் நலம். எஞ்சும் பணம் பயணத்திற்கு உதவும்; முதியோர் பலரின் குரல் இன்னும் பதியப்படாமலே உள்ளது.