மூக்கு தூக்கினா முடிஞ்சது கதை!

காஞ்சி வரதராஜப் பெருமாள் தேரை வைகாசியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடுகிறபோது அல்ல, நின்ற இடத்திலிருந்து அசைக்கும்போதுதான் சனங்களுக்கு மூச்சு வாங்கும். டிராக் ரேஸும் அதே கதைதான். மொத்தமே 402 மீட்டர், நேர்கோடு. கிளம்புவதில் கோட்டை விட்டால் அப்புறம் எவ்வளவு விரட்டினாலும் போச்சு!

காஞ்சியிலிருந்து சென்னை போகிற வழியில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் வந்த ரேஸ் டிராக் இருக்கிறது. பைக்குகளுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. கார்ப் பைத்தியங்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இன்ஜினுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் சார்?" முதல்ல ஷாக் அப்சார்பரைப் பாருங்க என்பேன். முகம் சுருங்கிவிடும்.

வண்டி சீறும்போது எடை பின்பக்கம் சாயும். டவுன் பஸ் கிளம்பும்போது பின்னால் நிற்பவர் மேல் சாய்கிறோமே, அதேதான்! அமெரிக்க டிராக் கார்களில் (நம்ம பழைய அம்பாசிடரிலும்) இழுப்பது பின்சக்கரம். அங்கே முன் ஷாக்கை இளக்கி, மூக்கு சட்டென்று தூக்கும்படி விடுவார்கள். பாரம் பின் டயரை அழுத்தும், பிடி கிடைக்கும்.

மாருதி 800, ஜென், ஸ்விஃப்ட் எல்லாம் முன்சக்கர இழுவை. மூக்கு தூக்கினால் டயர் சுத்துமே தவிர வண்டி நகராது. வைத்தியம் தலைகீழ்: முன் ஷாக் சீக்கிரம் விரியாதபடி இறுக்கணும், பின் ஸ்பிரிங் விறைப்பா இருக்கணும், பாடி தாழ்வா உட்காரணும். எடை சாய்வதை முழுசா நிறுத்த முடியாது, கொஞ்சம் தாமதப்படுத்தலாம். பந்தயமே அந்த முதல் ஒரு வினாடியில்தானே இருக்கு!

அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்விஃப்டின் முன் ஷாக்கை இளக்குகிற ஆசாமிகளும் உண்டு. புகை மட்டும் பிரமாதமாக வரும்.