துண்டுக்குள் விலை, முதுகில் எடை

சங்கராபுரம் பக்கத்து விவசாயி மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் மறைந்திருக்கும். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, மடக்கினால் இன்னொரு தொகை. வாய் வெற்றிலையை மெல்ல, விரல்தான் விலை பேசும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதற்கு ஒப்பான பண்டமாற்று இருந்தது. இருவர் பொருளை மாற்றிக்கொள்ள நினைத்தால், நடுவர் ஒருவர் இரண்டுக்கும் உள்ள மதிப்பு வித்தியாசத்தைச் சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்து, சம்மதமா இல்லையா என்று காட்டுவார்கள். ‘தொப்பிக்குள் கை’ என்ற அந்த ஆங்கிலத் தொடர்தான் ‘ஹேண்டிகேப்’ என்று சுருங்கி, பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தெருவில் பிள்ளைகள் ஓடும்போது, “நீ சின்னப் பையன், பத்தடி முன்னாடி நில்லுடா” என்று அண்ணன் சலுகை கொடுப்பான். குதிரைகளுக்கு இதே சலுகையை எடையால் கொடுப்பதுதான் ஹேண்டிகேப். கெட்டிக்காரக் குதிரைக்கு அதிகச் சுமை, மந்தமானதற்குக் குறைந்த சுமை. ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறுவார். எடை போதவில்லை என்றால் சேணத்தடித் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓடி முடித்த பிறகும் தராசு உண்டு.

இந்தியப் பந்தயங்களில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தரப்புள்ளி உண்டு; ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ என்பது கணக்கு. ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றுக்கொண்டே இருந்தால் இறங்கும். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடையை நிர்ணயிப்பவரின் கனவு. சென்னையின் கிண்டி மைதானத்தில் பந்தயம் தெரிந்தவர்கள் இதனால்தான் “எது நல்ல குதிரை?” என்று கேட்டதில்லை. “எந்தக் குதிரைக்கு எடை குறைவாக விழுந்திருக்கிறது?” என்று தேடினார்கள்.

கிண்டியில் ஓடியவை சமதளப் பந்தயங்கள். ஹேண்டிகேப்புடன் வேலி தாண்டலும் சேர்ந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். வேலி தாண்டி ஓடும் பந்தயம்தான் ஸ்டீபிள்சேஸ். 1752-ல் அயர்லாந்தில் இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து (ஸ்டீபிள்) இன்னொன்றுக்கு, வழியில் வந்த வேலி, வாய்க்காலையெல்லாம் தாண்டிக் குதிரை ஓட்டியதிலிருந்து வந்த பெயர் இது. இதில் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல். சுமார் 7 கிலோமீட்டர், 30 தாண்டல்கள்.

1973-ல் அங்கே நடந்ததை எடைக்கான பாடமாகவே சொல்லலாம். கிறிஸ்ப் என்ற குதிரை 76 கிலோ சுமந்தது. ரெட் ரம் சுமந்தது சுமார் 66 கிலோ. கடைசி வேலியைத் தாண்டும்போது கிறிஸ்ப் வெகுதூரம் முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு அதன் கால்கள் தள்ளாடின. கோட்டுக்குச் சில அடி முன்னால் ரெட் ரம் எட்டிப் பிடித்து, முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. நீண்ட தூரப் பந்தயத்தில் ஒரு பவுண்டு எடை சுமார் ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது அனுபவசாலிகளின் தோராயக் கணக்கு. இரண்டுக்கும் எடை வித்தியாசம் 23 பவுண்டு, அதாவது சுமார் 23 குதிரை நீளம். மறு ஆண்டு அந்த 76 கிலோவை ரெட் ரம் முதுகிலேயே ஏற்றினார்கள். அப்போதும் அதுவே ஜெயித்தது. குதிரை வளர்ந்த வேகத்துக்கு எடை வளரவில்லை.

எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. தரை உலர்ந்ததா, சேறா? இந்தக் குதிரை இவ்வளவு தூரம் ஓடிப் பழகியதா? வேலியில் தடுக்கி விழும் வழக்கம் உண்டா? 2001 கிராண்ட் நேஷனலில் கடும் சேற்றில் ஓடிய 40 குதிரைகளில் நான்குதான் கோட்டை எட்டின. 1967-ல் 23-ஆவது வேலியில் குதிரைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தன. பின்தங்கி வந்த ஃபாய்னவன் அந்தக் குழப்பத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஜெயித்தது. ஒன்றுக்கு நூறு கொடுப்பதாகச் சொல்லப்பட்ட குதிரை அது.

இப்படி ஒரு கதை கேட்டதும் ஒன்றுக்கு நூறு தரும் குதிரைமேல் ஆசை வரும். உளவியலாளர் கிரிஃபித் 1949-லேயே இந்த ஆசையை அளந்து காட்டினார். ஜெயிக்க வாய்ப்புக் குறைவான குதிரைகளின் மீது மக்கள் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறார்கள். முன்னணிக் குதிரைகளின் மீது தகுதிக்குக் குறைவாகக் கட்டுகிறார்கள். அதற்காகக் கூட்டத்தின் மதிப்பீடு முழுக்கத் தவறும் இல்லை. ஹாங்காங்கில் வில்லியம் பென்டர் என்பவர் கணினி மாதிரியைக் கொண்டு பெரும் பணம் ஈட்டினார். அவரும் பந்தயம் கட்டும் கூட்டத்தின் மதிப்பீட்டை ஒதுக்கவில்லை. தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டார்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996 ஜனவரி 12 அன்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமை உண்டுதான். ஆனால் டோட் என்ற பொதுப் பந்தயத் தொகுப்பில் சேரும் பணத்திலிருந்து நடத்துபவர் பங்கும் வரியும் முதலில் போய்விடும், மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. ஆகவே சராசரி ஆளைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருப்பவருக்கும் கடைசியில் நட்டமே. 2024-ல் கிண்டி மைதானத்தை அரசு மீட்டுக்கொண்டது. கணக்கு மட்டும் இன்னும் சுவையாகவே இருக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள், பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு.