விலைபோகாத வீடு

திண்ணைத் தூணில் 'வீடு விற்பனைக்கு' என்று எழுதிய அட்டையைக் கட்டி எட்டு மாதம் ஆகிறது. வருவோர் வருகின்றனர், கூடத்தையும் கிணற்றையும் பார்க்கின்றனர், "சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்து போகின்றனர். மகள் திருமணத்திற்காகவோ, கடன் தீர்க்கவோ, மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபெயரவோ வீட்டை விற்க முற்பட்டு இந்நிலையில் நிற்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே சிலரல்லர். காத்திருப்பு நீள நீள மனம் தளர்ந்து, தகாத காகிதத்தில் கையெழுத்திடுவோரும் உண்டு. அவர்களை முன்னிட்டே இதனை எழுதுகிறோம்.

சங்கக் கிடங்கில் சேலை தேங்கினால் நாம் வாங்குவோரைக் குறை கூறுவதில்லை. நிறம் சரியா, விலை சரியா என்றே பார்க்கிறோம். வீட்டு விஷயத்தில் மட்டும் இவ்வறிவு நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. கட்டச் செலவான தொகை, தீர்க்கவேண்டிய கடன், எதிர்வீட்டுக்காரர் தமக்குக் கிடைத்ததாகச் சொல்லும் தொகை இம்மூன்றையும் கூட்டி விலை வைக்கிறோம். வாங்குகிறவருக்கோ இவற்றுள் ஒன்றோடும் சம்பந்தமில்லை. அவர் வேறொரு கணக்கும் போடுகிறார். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் வீட்டிற்கு இது 1,80,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு பேசிய விலையைவிட அதிகமாயிருந்தால், அந்த அதிக மதிப்பிற்கே தீர்வை கேட்கப்படும். ஆகவே தம் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையில் முன்னரே அறிந்துகொண்டு பேசுவதே முறை. ஆறு மாதத்தில் பத்துப் பேர் பார்த்தும் ஒருவர்கூட விலை கேட்டுப் பேசவில்லையெனில், விலை மிகை என்றே கொள்ளலாம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் எவரும் வரவில்லை என்று விலையைக் குறைத்துவிடவேண்டாம். அம்மாதங்களில் பத்திரம் முடிப்போர் குறைவு.

விலை சரியாயிருந்தும் நின்றுபோகும் வீடுகள் உண்டு. எங்கள் வீடே அதற்குச் சான்று. தந்தையார் தம் உழைப்பால் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் மறைந்தார். தாயார் அவருக்கு முன்னரே காலமாகியிருந்தார். தமையனாரும் நானும் விலை பேசி முடித்தோம். வாங்குகிறவரின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றைப் பார்த்து, "தங்கையின் கையெழுத்து எங்கே?" என்றார். திருமணத்தின்போது நகை போட்டதோடு அவள் பங்கு தீர்ந்தது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. மூதாதையர் சொத்திலும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மகளுக்கு மகனைப் போன்ற உரிமை உண்டு. தங்கை கையெழுத்திட மறுக்கவில்லை. "வீடு விற்பதை ஊரார் சொல்லித்தானா நான் அறியவேண்டும்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு எங்களிடம் விடையில்லை. அவள் மனம் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த வாங்குபவர் வேறு வீடு முடித்துவிட்டார்.

மற்றொரு தடையும் எங்களுக்கு வந்தது. தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, அதை முழுதும் அடைத்திருந்தார். மீட்பு ரசீதைப் பதிவு செய்யவில்லை. வில்லங்கச் சான்றில் அக்கடன் உயிரோடு நின்றது. வங்கிக் கடனில் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் 30 ஆண்டு வில்லங்கம் தேவை. ஆதலால் அட்டை கட்டுமுன் அதனை நாமே எடுத்துப் படிக்கவேண்டும். பட்டாவும் வீட்டு வரியும் மின் இணைப்பும் யார் பெயரில் உள்ளன என்பதையும் பார்க்கவேண்டும். கிராம நத்தத்தில் வீடுள்ள விவசாய அங்கத்தினர்களுக்குப் பட்டா இன்னும் முக்கியம்.

வீட்டைச் செப்பனிட அதிகம் செலவிடவேண்டாம். ஒழுகும் ஓட்டை மாற்றி, சுண்ணாம்பு அடித்தால் போதும். தறிக்குழியை மூடுவதா என்று பலர் கேட்கின்றனர். நெசவாளர் வாங்கினால் அது வசதி. மற்றவர்க்கு அது ஈரக்குழி. மண் கொட்டி மூடாமல் பலகையிட்டு வைப்பதே என் கட்சி.

இனி அஞ்சத்தக்கது. பல மாதம் காத்தவரிடம் தரகர் வந்து, "பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுங்கள், நான் விற்றுத் தருகிறேன்" என்பார். அதில் கையெழுத்திட்டால், விலையும் வாங்குபவரும் அவர் விருப்பமாகிவிடும். சிலர் அப்பத்திரத்தையே கிரயம் போலக் கைமாற்றுவர். அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. சொற்ப முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தத்தைப் பதிந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் வீட்டைக் கட்டிப்போடுவோரும் உளர். பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடும். இருவரும் கையெழுத்திட்டு ரத்து செய்யும்வரை வேறொருவர் வாங்கத் தயங்குவார். ஆகவே கெடு குறுகியதாயும், முன்பணம் கணிசமாயும் இருக்கட்டும். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால் அத்தொகை அளவே அபராதம் வரலாம்.

இடையில் பணம் வேண்டுமெனில் ஒத்திக்கு விடலாம் என்பர். ஒத்தித் தொகையைத் திருப்பித் தந்தாலன்றிக் குடியிருப்பவர் காலி செய்யார். காலி வீடு தேடுவோர் அதைக் கண்டு விலகுவர். கந்துவட்டிக்காரரிடம் போவதைவிட, கூட்டுறவு வங்கியில் வீட்டின்பேரில் அளவாகக் கடன் பெற்று, கிரயத் தொகையிலிருந்தே அடைப்பது மேல். கடன் விவரத்தை வாங்குகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடவேண்டும்.

எங்கள் வீடு மறு தையில் விற்றது. முதலில் கேட்டதைவிடக் குறைந்த விலைதான். பதிவன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கை முதற் கையெழுத்திட்டாள். அவள் பங்கிற்குரிய வங்கி வரைவோலையை வாங்கியவர் அவள் பெயரிலேயே எடுத்து வந்திருந்தார்.